ஜன்னலைப் பார்த்த கல்

என்ன ஆனாலும் சரி, முருகேஸ்வரியைத் தொரை பங்களாவுக்குள் கால் வைக்க விடக் கூடாது என்று நல்லசாமி புதன்கிழமை காலையில் முடிவெடுத்தான். மலையே சரிந்தாலும் இந்த முடிவு சரியாது என்று நினைத்துக்கொண்டான். ஒரு டம்ளர் காப்பி ஆறுவதற்குள் சரிந்துவிட்டது.

"நாளைக்கு வெள்ளனே குளிச்சிருங்க. பங்களாவுக்குப் போறோம்," என்றாள் முருகேஸ்வரி. கீழே உட்கார்ந்து பூண்டில் பெரியது சின்னது பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எந்த பங்களா?"

"பேத்துப்பாறையில இருந்துக்கிட்டு எந்த பங்களான்னு கேக்குறீங்க. தொர பங்களாதான். தொறந்து ஒரு வருசம் ஆச்சாம். நாளைக்கு உள்ளூர்க்காரங்களுக்கு ஓசியாம்."

"எனக்கு முட்டி வலி."

"பஸ்ஸு உங்க முட்டியிலயா ஓடுது?"

"அங்க அட்டை கடிக்கும்."

"உங்க ரத்தத்தக் குடிச்சா அட்டைக்குத்தான் மயக்கம் வரும்."

"ஏய், அங்க பேய் இருக்கு. வெள்ளக்காரப் பேயி. தொரசாணி."

"இருக்கட்டும். இருவத்தஞ்சு வருசமா உங்ககூடக் குடும்பம் நடத்துறேன். அது என்னைய என்ன பண்ணிரும்?"

"தோட்டத்துல சோலி கெடக்கு."

"உங்க சோலி செவ்வாக்கெழமதான? நாளைக்கு வியாழன்."

நல்லசாமி இன்னும் ஆறாத காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான்.

செவ்வாய்க்கிழமைச் சோலி என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். ஒளித்து வைத்து ஒன்றும் ஆகப் போவதில்லை. வாரா வாரம் செவ்வாய்க்கிழமை நல்லசாமி காய்கறி விலை பார்க்க ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிறான். வீட்டில் சொல்லியிருப்பது அதுதான். உண்மையில் பஸ் ஏறி நாலாவது கிலோமீட்டரில் இறங்கிவிடுவான். அங்கேதான் தொரை பங்களா. டிக்கெட் எடுத்து உள்ளே போவான். சாப்பாட்டு ஹாலில் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் ஒரு தரைக்கல்லைப் பார்ப்பான். யாரும் இல்லாவிட்டால் குனிந்து தொடுவான். பிறகு வெளியே வந்து, ஒட்டன்சத்திரத்தில் கமிஷன் கடை வைத்திருக்கும் பழனிக்குமாருக்குப் போன் போட்டு விலை கேட்பான். பழனிக்குமார் முருகேஸ்வரியின் சின்னம்மா மகன். மச்சான் மச்சான் என்று உயிரை விடுவான். அவன் சொன்ன விலையை நல்லசாமி வீட்டில் வந்து ஒப்பிப்பான்.

போன வாரம் கேரட் கிலோ நூற்று எழுபது என்றான் பழனிக்குமார். நல்லசாமிக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் பொய் சொல்லப் போகிறவன் விலையில் பேரம் பேச முடியுமா? அப்படியே வந்து சொன்னான். "நல்ல வெலதான்," என்றாள் முருகேஸ்வரி.

அந்தக் கல்லை ஒட்டியவன் மனோஜ்குமார். இவர்களுடைய ஒரே மகன்.

அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. பத்தாவதோடு விட்டுவிட்டு டைல்ஸ் வேலைக்குப் போனான். கை சுத்தம். பாழடைந்து கிடந்த தொரை பங்களாவைப் பழையபடியே ஆக்கிச் சுற்றிப் பார்க்கத் திறந்துவிடுகிறோம் என்று ஒரு கம்பெனி வந்தபோது அவனையும் கூப்பிட்டார்கள். சாப்பாட்டு ஹாலில் பாதிக்கு மேல் பழைய பூக்கல் உடைந்து போயிருந்தது. அதே அச்சில் புதிதாக வார்த்துக் கொண்டுவந்து உடைந்த இடத்தில் எல்லாம் பதித்தான். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பூ, ஒரு இலை. எல்லா இலையும் குளிர் காய்கிற கணப்பைப் பார்த்து இருக்க வேண்டும். ஒரு நாள் மத்தியானம் பசி அவசரத்தில் ஒரு கல்லைத் திருப்பி வைத்துவிட்டான். அதன் இலை ஜன்னலைப் பார்த்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் சிமெண்ட் இறுகிக் கிடந்தது.

"அம்மா அன்னைக்குக் கருவாட்டுக் கொழம்பு குடுத்து விட்டுருந்துச்சுப்பா. வாசத்துல கல்லாவது மண்ணாவது," என்று சிரித்தான். "மேஸ்திரிக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிருவாரு. அம்மாகிட்ட சொல்லிராதீங்க. ஊரெல்லாம் தண்டோரா போட்டுரும்."

மூன்று மாதம் கழித்து, ஐப்பசி மழையில், பெருமாள்மலை வளைவில் அவன் வண்டி சறுக்கியது. எதிரே லாரி. அவ்வளவுதான். இருபத்து மூன்று வயது.

அதற்குப் பிறகு முருகேஸ்வரி அந்தப் பெயரைச் சொல்வதில்லை. இரண்டு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தட்டை வைத்தால் சாப்பிடுவாள், வைக்காவிட்டால் கேட்க மாட்டாள். பழசை ஞாபகப்படுத்தாதீங்க என்றார் டாக்டர். வீட்டில் கருவாட்டுக் குழம்பு நின்று போனது. நல்லசாமியும் கேட்கவில்லை. சித்திரையிலிருந்துதான் கொஞ்சம் தேறினாள். வெள்ளிக்கிழமை தோறும் பூம்பாறை கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவாள். திரும்பி வரும்போது விரல் இடுக்கெல்லாம் சிவப்பாக இருக்கும். குங்குமம். ஒரு தடவை அவள் விரலிலிருந்து கொஞ்சம் எடுத்து நல்லசாமி நெற்றியில்கூட வைத்துக்கொண்டான். லேசாக எரிந்தது. சாமி சக்திதான் என்று நினைத்தான்.

அந்தக் கல்லைப் பார்த்தால் அவள் மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். அதுதான் அவன் பயம். இன்னொரு காரணமும் இருந்தது. அது அவ்வளவு நல்ல காரணம் இல்லை. அந்தக் கல் தனக்கு மட்டும் வேண்டும் என்று இருந்தது அவனுக்கு. பெற்றவளுக்கும் பங்கு உண்டு என்று தெரியும். தெரிந்துதான் மறைத்தான்.

இதற்கு நடுவில் வேறொரு இடி. ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பங்களா மேனேஜர் சிவமுருகன் போனில் பேசியது காதில் விழுந்தது. "யாரோ டூரிஸ்ட் காட்டுனாரு சார். ஒரு கல்லு தப்பா இருக்கு. ஐப்பசியில ஆளு வச்சுப் பேத்துரலாம்." ஐப்பசியில் மகனுக்கு முதல் தெவசம். அதே மாதத்தில் கல்லும் போகப் போகிறது. யாரிடம் போய்ச் சொல்வது? எந்தக் கல், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கேட்டால் அழுதுவிடுவான். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை முழுக்க யோசித்து ஒரு திட்டம் போட்டான். திட்டம் ரொம்பச் சுலபம். ஹாலுக்குள் முதல் ஆளாக ஓடிப் போய் அந்தக் கல்லின் மேலேயே நின்றுகொள்வது. எட்டு அங்குலக் கல். அவனுடைய இரண்டு பாதமும் சேர்ந்தால் மூடிவிடும். சுற்றிக் காட்டி முடிக்கிற வரைக்கும் நகரக் கூடாது.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார்கள். ஊர்க்காரர்கள் யாரும் இன்னும் வரவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்து பங்களாவிலேயே தங்கியிருந்த ஒரு குடும்பம் மட்டும் நின்றது. கருங்கல் சுவர், பச்சை அடித்த தகரக் கூரை, வாசலில் நாலு பேரிக்காய் மரம். மாட்டுக் கொட்டகையைக் காப்பிக் கடை ஆக்கியிருந்தார்கள். சுற்றிக் காட்டுகிற பெண் ஷர்மிளா, கொடைக்கானல் டவுன்காரி, வாசலுக்கே வந்தாள்.

"வெல்கம், வெல்கம்! அட, டியூஸ்டே அங்கிள்! என்ன இன்னிக்கு தர்ஸ்டேயே வந்துட்டீங்க?"

நல்லசாமிக்கு இருமல் வந்தது. வராத இருமல் எல்லாம் சேர்ந்து வந்தது.

"ஆளு மாறிப் பாத்துட்டீங்கம்மா," என்று கண்ணைச் சிமிட்டினான். ஒரு கண்ணைச் சிமிட்டத் தெரியாது. இரண்டையும் சிமிட்டினான்.

"ஓ. சாரி அங்கிள்." ஷர்மிளா முருகேஸ்வரியைப் பார்த்தாள். முருகேஸ்வரி தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பித்தோம் என்று நல்லசாமி மூச்சு விட்டான்.

செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே தரைக்குச் சிவப்பு பாலீஷ் போட்டிருந்தது.

முதல் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொரையின் மம்பட்டி. வெண்ணெய் கடைகிற மர எந்திரம். விதை உருளைக்கிழங்கு அடுக்கி வைக்கும் தட்டு. இங்கே பண்ணை வைத்திருந்த தொரை தன் கையாலேயே மண் வெட்டினாராம்.

"இதே மம்பட்டி எங்க வீட்டுல மூணு கெடக்கு," என்றாள் முருகேஸ்வரி. "பிடிச்சு வெட்டுற ஆளும் இந்தா நிக்கிறாரு. ரெண்டையும் சேத்துப் பெட்டிக்குள்ள வச்சுக்கிறீங்களா?"

கோயம்புத்தூர்க் குடும்பம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் நல்லசாமி நழுவினான். சாப்பாட்டு ஹாலுக்குள் பாய்ந்தான். ஜன்னலுக்குக் கீழே மூன்றாவது வரிசை, ஐந்தாவது கல். ஏறி நின்று இரண்டு காலையும் சேர்த்துக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு நிற்கிற பையன் மாதிரி இருந்தது.

எல்லோரும் வந்தார்கள். ஷர்மிளா நேராக அவனிடம் வந்தாள்.

"அங்கிள், கொஞ்சம் தள்ளுங்களேன்."

"முட்டி புடிச்சிருச்சும்மா. நகர முடியல."

"சேர் எடுத்துட்டு வரட்டா?"

"வேணாம். நின்னாத்தான் சரியாகும்."

"இல்ல அங்கிள், நீங்க நிக்கிற கல்லைத்தான் காட்டணும். இந்த ஹவுஸ்லயே அதான் ஸ்பெஷல்."

நல்லசாமி இரண்டு காலையும் இன்னும் இறுக்கிக்கொண்டான். இந்தக் கல்லை எதற்குக் காட்ட வேண்டும்? எந்தச் செவ்வாய்க்கிழமையும் காட்டியதில்லையே. நகரவே கூடாது. கொன்றாலும் நகரக் கூடாது.

"ஏங்க, நகருங்க," என்றாள் முருகேஸ்வரி.

நகர்ந்தான். இருபத்தைந்து வருசப் பழக்கம். கால் தானாகவே நகர்ந்துவிட்டது.

"பாருங்க," என்று ஷர்மிளா ஆரம்பித்தாள். "ஹால் ஃபுல்லா எல்லாக் கல்லுலயும் இலை ஃபயர்பிளேஸ் பக்கம் இருக்கும். இந்த ஒண்ணு மட்டும் ஜன்னலைப் பாக்குது. மிஸ்டேக் இல்ல. வேணும்னே வச்சது. இங்க இருந்த தொரசாணிக்கு ஒரே பையன். குதிரையில போனவன் விழுந்து இறந்துட்டான். இந்த ஜன்னல்ல பாத்தா அவன் வர்ற பாதை தெரியும். குளிர் காலத்துல எல்லாரும் நெருப்புப் பக்கம் திரும்பி உக்காந்துருவாங்க இல்ல? யாரு திரும்பினாலும், இந்த வீட்டுல ஒண்ணாவது அவன் வர்ற வழியவே பாத்துக்கிட்டு இருக்கட்டும்னு அந்தம்மா ஒரு கல்லை மட்டும் திருப்பி வைக்கச் சொன்னாங்களாம்."

கோயம்புத்தூர்க்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"இது ட்ரூ ஸ்டோரி. அந்தக் காலத்துல இங்க பால் கறந்தவரு சின்னக்காளைன்னு ஒருத்தர். அவரு ஃபேமிலியில சொன்னது."

நல்லசாமி நிமிர்ந்தான். சின்னக்காளை என்பது அவன் அப்பா பெயர். அவருக்கு மாடு என்றாலே ஆகாது. ஒரு தடவை எருமை முட்டியதிலிருந்து பாலைக் குடிக்கக்கூட யோசித்தவர். வேறு யாரோ சின்னக்காளையாக இருக்கும் என்று அதை விட்டுவிட்டான். மற்றதைத்தான் விட முடியவில்லை. அவன் மகன் முட்டி போட்டு, முதுகு ஒடிய வைத்த கல். அதைப் போய் யாரோ ஒரு தொரசாணிக்குத் தூக்கிக் கொடுப்பதா? அவன் சிரித்துக்கொண்டே சொன்ன தப்பு. அதுவும் அவனுடையது இல்லையா?

அந்த நேரம் பார்த்து மேனேஜர் சிவமுருகன் உள்ளே வந்தார். "யாருக்காச்சும் டவுட் இருந்தா கேளுங்க."

"அதுல ஒரு தொரசாணியும் இல்ல," என்று நல்லசாமி கத்தினான். "அத வச்சது எம்—"

காலில் இடி விழுந்தது. முருகேஸ்வரியின் குதிகால், சரியாக அவன் கட்டைவிரல் மேல்.

"என்ன சார்?" என்றார் சிவமுருகன்.

"அவரு சொல்ல வர்றது என்னன்னா," என்றாள் முருகேஸ்வரி, காலை எடுக்காமல். "வச்சது எம் அப்பாவுக்குத் தெரிஞ்ச கொத்தனாருன்னு. சின்னக்காளைங்கிறது எம் மாமனாருதான? இவரு சின்னப்புள்ளயில கேட்ட கதை. என்னங்க?"

"ஆமா," என்றான் நல்லசாமி. வேறு என்ன சொல்ல? கால் அவளிடம் இருந்தது.

"அட, இவருதானா உங்க வீட்டுக்காரரு!" சிவமுருகன் நல்லசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க ஒய்ஃபுக்குத்தான் நான் தேங்க்ஸ் சொல்லணும் சார். தப்பா ஒட்டிட்டாங்கன்னு நெனச்சுப் பேக்க இருந்தேன். நல்ல வேளை, இந்தக்கா கதையச் சொன்னாங்க. இனி அது எங்கயும் போகாது." பிறகு முருகேஸ்வரியிடம் திரும்பினார். "நாளைக்கு வழக்கம்போல வந்துருவீங்கல்லக்கா? பாலீஷ் டப்பா ரெண்டு வாங்கி வச்சிருக்கேன்."

நல்லசாமி மெதுவாகக் குனிந்து மனைவியின் பாதத்தைப் பார்த்தான். குதிகால் வெடிப்பெல்லாம் சிவப்பு. இன்றைக்கு ஒட்டியது இல்லை. பல மாதத்துச் சிவப்பு.

வெளியே வந்து பேரிக்காய் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எங்கே ஆரம்பிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"எங்கப்பன் எப்ப பால் கறந்தாரு?"

"போய்ச் சேந்தவருதான. ஒரு பேச்சுக்குக் கறந்துட்டுப் போறாரு."

"அந்தக் கல்லு... உனக்கு எப்புடி?"

"வச்ச அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டான். அப்பாகிட்ட சொல்லிராதம்மா, அதுக்கு வாயில ஒண்ணும் தங்காதுன்னு."

"எங்கிட்ட, அம்மாவுக்குத்தான் தங்காதுன்னு சொன்னான்."

முருகேஸ்வரி சிரிக்கப் பார்த்தாள். பாதியில் அது வேறு எதுவாகவோ ஆகிவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"சித்திரையில பாலீஷ் போட ஆளு கேட்டாங்க. வெள்ளிக்கெழம ஒரு நாளு. அவன் வச்ச தரைதானேன்னு வந்தேன். கோயிலுக்குன்னு உங்ககிட்ட சொன்னேன். மறுவாரமே ஒட்டன்சத்திரம் போயிட்டு வந்து காலை நீட்டிப் படுத்தீங்க. உள்ளங்கால் ரெண்டும் செவப்பு. ஒட்டன்சத்திரத்துல ஏதுங்க செவப்புத் தரை? நான் தேச்ச பாலீஷ் எனக்குத் தெரியாதா?"

"அப்ப உன் விரல்ல இருந்த குங்குமம்?"

"அதுவும் பாலீஷ்தான். நீங்க நெத்தியில வச்சப்ப ஒரு நிமிசம் பயந்துட்டேன்."

நல்லசாமி நெற்றியைத் தடவிக்கொண்டான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க சொன்னீங்களா?"

நல்லசாமி பெஞ்சின் விளிம்பை நகத்தால் சுரண்டினான்.

"நீங்க ஒரு எடத்துல தனியா அழுதுட்டு வர்றீங்க. அதக் கெடுக்க வேணாம்னு விட்டேன். பேக்கப் போறாங்கன்னு ஷர்மிளா போன வெள்ளிக்கெழம சொன்னப்பதான் கதை கட்டினேன். இன்னையிலேருந்து அத எல்லாருக்கும் சொல்லப் போறோம்னாங்க. கதையக் கட்டிட்டா போதுமா? அடுத்து உங்க வாயக் கட்டணும். தனியா வந்து அந்தக் கதையக் கேட்டீங்கன்னா, எம்மகன் வச்சதுன்னு கத்திருவீங்க. மறுநாளே கல்லைப் பேத்துருவாங்க. அதான் நானே கூட்டியாந்தேன்."

காற்றில் ஒரு பேரிக்காய் விழுந்து உருண்டது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

"கொழம்புதாங்க காரணம்," என்றாள் அவள். "அன்னைக்கு நான் அதக் குடுத்து விடாம இருந்தா அந்தக் கல்லு நேரா இருந்திருக்கும்."

"நேரா இருந்திருந்தா," என்றான் நல்லசாமி, "அத்தன கல்லுல எது அவன் கை வச்சதுன்னு நமக்கு எப்புடித் தெரியும்?"

முருகேஸ்வரி அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அழுதாள். பதினோரு மாதமாகச் சொல்லாத பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். மனோஜு, மனோஜு என்று. நல்லசாமி அவள் முதுகைத் தட்டிக்கொண்டே தானும் அழுதான். காப்பிக் கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பஸ்ஸில் வரும்போதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது.

"ஏய், கேரட்டு நூத்தி எழுவது..."

"வாரா வாரம் பழனிக்குமாரு எனக்குப் போன் போட்டு, அக்கா, மச்சான் மறுபடியும் வெல கேக்குறாரு, என்ன சொல்லட்டும்னு கேப்பான். நூத்தி எழுவதுன்னு சொல்லுடான்னேன். ஒரு சந்தேகமாச்சும் வருதான்னு பாத்தேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வரல."

அடுத்த செவ்வாய்க்கிழமை நல்லசாமி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தான். எல்லாம்தான் வெளியே வந்துவிட்டதே. இனிமேல் என்ன சொல்லிக் கிளம்புவது? எந்த முகத்தோடு போவது?

அடுப்படியிலிருந்து வாசம் வந்தது. பதினோரு மாதமாக வராத வாசம். கருவாட்டுக் குழம்பு.

முருகேஸ்வரி வந்து போர்வையை உருவினாள். தோளில் துண்டைப் போட்டாள். கையில் தூக்குச் சட்டியைக் கொடுத்தாள்.

"வெரசாக் கெளம்புங்க. ஒட்டன்சத்திரம் பஸ்ஸு போயிரும்."

அவன் தூக்குச் சட்டியின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். தலையை ஆட்டிவிட்டு வாசல் வரைக்கும் போனான்.

"ஏங்க," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "காலக் கழுவிட்டு உள்ள போங்க. வாரா வாரம் உங்க அழுக்கத் தேக்கவே எனக்கு அர நாளு போயிருது."